கரை ஒதுங்கிய கட்டிகளும் நாம் கேட்காத கேள்விகளும்

பிரிட்டனின் தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வால் கடற்கரையில் 2012ஆம் ஆண்டு நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கண்ணில், கறுத்துப்போன தட்டையான கட்டி ஒன்று பட்டது. காய்கறி நறுக்கும் பலகை அளவு. தொட்டால் பழைய ரப்பர் போல இருந்தது. அதன் மேல் டி, ஜே, ஐ, பி, இ, டி, ஐ, ஆர் என்று எட்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. எந்த மொழிச் சொல் என்று யாருக்கும் புரியவில்லை. சில வாரங்களில் இன்னொரு கட்டி கிடைத்தது. பிறகு பிரான்சிலும் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும்கூட அதே எழுத்துகளோடு கட்டிகள் கரை ஒதுங்கத் தொடங்கின. டைட்டானிக் கப்பலிலிருந்து வந்தவை என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

அந்த எழுத்துகளைப் பழைய டச்சு எழுத்துமுறைப்படி படித்தால் 'சிப்பெத்திர்' என்று வரும். மேற்கு ஜாவாவில் உள்ள ஓர் ஊர். டச்சுக்காரர்கள் அங்கே நடத்திய தோட்டத்தின் சரக்குதான் அந்தக் கட்டி. 1917இல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட 'மியாசாக்கி மாரு' என்ற ஜப்பானியக் கப்பலிலிருந்து அவை வெளிவந்திருக்கலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் எழுத்து அழியவில்லை, கட்டி கரையவில்லை.

இந்தச் செய்தி நம் புலனக் குழுக்களுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்போடு வரும். வியப்புமுகம் ஒன்றைப் போடுவோம். அடுத்த குழுவுக்கு அனுப்புவோம். பத்து நிமிடத்தில் வேறொரு வியப்பு வந்துவிடும். வியப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கட்டி எதனால் ஆனது, ஏன் அழியாமல் இருந்தது, அதை முதலில் அறிந்திருந்தவர்கள் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் அது நம் வீட்டு வாசலுக்கே வந்து நின்றிருக்கும். அந்த மூன்றையும் கேட்காமல் தகவலை மட்டும் பகிர்வது, மாங்கொட்டையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு மாம்பழம் கொடுத்ததாக நினைத்துக்கொள்வது போன்றது.

அந்தக் கட்டியின் பெயர் கெத்தா பெர்ச்சா. பெயரே மலாய்தான். 'கெத்தா' என்றால் மரப்பால், பிசின். ஆங்கிலேயர் வாயில் அது 'கட்டா பெர்ச்சா' ஆயிற்று. அதைத் தரும் முக்கிய மரத்தை மலாயில் 'தாபான்' என்பார்கள். மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் காடுகளே அதன் தாயகம். சிங்கப்பூர்த் தீவிலும் ஏராளமாக நின்ற மரம். இலையின் மேற்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் பொன்னும் செம்பும் கலந்த நிறம். இலையை மெதுவாகக் கிழித்தால் நடுவே நூல் நூலாக இழுபடும். நாம் சாப்பிடும் சிக்கு பழம், கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பை, மாலை கட்டும் மகிழம்பூ ஆகியவையெல்லாம் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரப்பர் மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. தாபான் இந்த மண்ணிலேயே பிறந்தது.

ஐரோப்பியர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே கையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. லண்டனில் ஜான் டிரடெஸ்கண்ட் என்பவர் உலகின் பல பக்கங்களிலிருந்து வந்த விந்தைப் பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1656இல் வெளியான அவருடைய பட்டியலில், வெந்நீரில் சூடாக்கினால் எந்த வடிவத்துக்கும் வளையும் ஒரு வகை 'மரம்' குறிப்பிடப்பட்டிருக்கிறது. அது கெத்தா பெர்ச்சாவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், வியந்தார்கள், அடுத்த அலமாரிக்குப் போனார்கள். அதன்பின் 187 ஆண்டுகள் அந்தப் பொருளைப் பற்றி ஐரோப்பாவில் பெரிதாக எந்தப் பேச்சும் இல்லை. அன்றைய விந்தை அலமாரிக்கும் இன்றைய புலனக் குழுவுக்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை.

1840களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் வேறுவிதமாக நடந்துகொண்டார். மலாய்க்காரர் ஒருவரின் பாராங் கத்தியைப் பார்த்தார். கைப்பிடி மரமும் இல்லை, கொம்பும் இல்லை. இது என்ன, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். வெந்நீரில் போட்டால் மாவு போல் இளகும், கையால் பிடித்து வடிவம் கொடுக்கலாம், ஆறினால் இறுகிவிடும் என்று பதில் வந்தது. ரப்பரால் செய்த மருத்துவக் கருவிகள் நம் வெப்பத்தில் பிசுபிசுத்துக் கெட்டுப்போவதைக் கண்டு சலித்துப்போயிருந்தவர் அவர். இந்தப் பொருள் தாங்கும் என்று உடனே புரிந்துகொண்டார். 1843இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அங்குள்ள கலைக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே ஆண்டு சிங்கப்பூரின் போர்ச்சுக்கீசிய வணிகரும் மருத்துவருமான ஜோசே டி அல்மெய்டாவும் லண்டனுக்கு மாதிரிகளைக் கொண்டுபோனார். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் அவர் பெயரில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது.

பல நூல்கள் இவர்களைக் 'கண்டுபிடித்தவர்கள்' என்று சொல்கின்றன. நான் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. கைப்பிடி ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது. அதற்கான முறை முழுவதும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் மாண்ட்கோமரி கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டதற்காகவும் எழுதி அனுப்பியதற்காகவும் அவருக்குப் பெருமை உண்டு. அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். ஆனால் பதில் சொன்ன பாராங்காரரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. காட்டில் அந்த மரத்தை அடையாளம் கண்டு, பாலெடுத்து, கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யத் தெரிந்திருந்த பூர்வக்குடியினரின் பெயர்களும் இல்லை. நம் மாணவர்கள் கட்டுரையில் 'கண்டுபிடித்தார்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன் இதை யார் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு நொடி யோசித்தால் போதும். பல இடங்களில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'தெரிந்துகொண்டார்' என்று எழுத வேண்டி வரும்.

சரி, அந்தப் பால் ஏன் இப்படி நடந்துகொள்கிறது? இங்கேதான் வேதியியல் படிப்பவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். இயற்கை ரப்பரின் மோனோமர் ஐசோபிரின் என்று பள்ளியில் படிக்கிறோம். கெத்தா பெர்ச்சாவின் மோனோமரும் அதே ஐசோபிரின்தான். அணுக்கள் அவையே, எண்ணிக்கை விகிதமும் அதே. வேறுபாடு அமைப்பில் மட்டும். ரப்பர் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் சங்கிலியின் இரு முனைகளும் தொடர்கின்றன. இது சிஸ் அமைப்பு. கெத்தா பெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடர்கின்றன. இது டிரான்ஸ் அமைப்பு. சிஸ் சங்கிலி வளைந்து நெளிந்து கிடப்பதால் நெருக்கமாக அடுக்க முடியாது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். டிரான்ஸ் சங்கிலி ஓரளவு நேராக நீள்வதால் ஒன்றோடொன்று ஒட்டி அடுங்கிப் படிகமாகிறது. ஆகவே அறை வெப்பத்தில் கெட்டி. ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் இளக்கம். பாராங் கைப்பிடியின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு திருப்பத்தில் இருக்கிறது. சிஸ், டிரான்ஸ் என்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோகும் மாணவர்களிடம் இந்தக் கைப்பிடியைக் காட்டியிருந்தால் மறந்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

லண்டனுக்குப் போன பிறகு அந்தப் பால் படாத பாடு பட்டது. காலணி, குழாய், பொம்மை, கைத்தடி என்று எல்லாவற்றையும் அதில் செய்து பார்த்தார்கள். 1856இல் அமெரிக்க செனட் மன்றத்திலேயே, அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் கைத்தடி உடையும்வரை அடித்தார். அந்தத் தடி கெத்தா பெர்ச்சாவால் ஆனது. கோல்ஃப் விளையாட்டும் மாறியது. அதுவரை தோல் பைக்குள் இறகு அடைத்துத் தைத்த, விலை கூடிய பந்துகள்தான் இருந்தன. 1848 வாக்கில் வந்த கெத்தா பெர்ச்சா பந்து அதை மலிவாக்கியது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து புதுப் பந்தைவிட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். பிறகு வேண்டுமென்றே மேற்பரப்பில் கீறல் போட்டார்கள். இன்றைய கோல்ஃப் பந்தின் குழிகள் அந்த வழியில் வந்தவை.

ஆனால் உலகத்தை உண்மையில் மாற்றியது கடலுக்கு அடியில் நடந்த வேலை. தந்தி வந்துவிட்டது, தரையில் கம்பி கட்டலாம். கடலைக் கடக்க, உப்புநீர் புகாமலும் மின்சாரம் கசியாமலும் கம்பியைப் போர்த்த ஒரு பொருள் வேண்டும். அன்றிருந்த ரப்பர் கடல்நீரில் தாக்குப்பிடிக்கவில்லை. ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் 1847இல் கெத்தா பெர்ச்சாவைக் கம்பிக்கு உறையாக்கினார். 1848இல் மைக்கேல் ஃபாரடே அது மிகச் சிறந்த மின்காப்புப் பொருள் என்று எழுதினார். காற்றும் வெயிலும் பட்டால் அது நாளடைவில் வறண்டு நொறுங்கும். இருட்டும் குளிரும் அழுத்தமும் நிறைந்த ஆழ்கடலிலோ ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். கார்ன்வாலில் ஒதுங்கிய கட்டிகள் அதற்கு இன்றைய சாட்சி.

1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி வேலை செய்தது. 1858இல் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. மூன்று வாரத்தில் கம்பியும் செத்துவிட்டது. 1866இல் போட்ட கம்பிதான் நிலைத்தது. 1871இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் கடலடித் தந்தி இணைத்துவிட்டது. வங்காள விரிகுடாவின் அடியில் கிடந்த அந்தக் கம்பியின் மேல் போர்த்தியிருந்ததும் இந்தப் பக்கத்துக் காட்டு மரங்களின் பால்தான். நம் முன்னோர் கப்பலில் பல நாள் கடந்த அதே கடலைச் செய்தி நிமிடங்களில் கடந்தது. அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை வணிகர்களுடையவும் அரசாங்கத்துடையவும்; கூலிக்காரர்களுக்குத் தந்தி எட்டாத விலை.

இப்போது கணக்கு ஒன்று போடுவோம். 1866ஆம் ஆண்டு அட்லாண்டிக் கம்பியில் ஒரு கடல் மைலுக்கு 400 இறாத்தல் கெத்தா பெர்ச்சா போர்த்தினார்கள். ஏறக்குறைய 180 கிலோ. கம்பியின் நீளம் 1,800 கடல் மைலுக்கு மேல். பெருக்கினால் 320 டன்னைத் தாண்டுகிறது. ஒரு மரத்திலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதில் அன்றைய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. ஒரு கிலோ என்றால் 3 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள். ஐந்து கிலோ என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 65,000 மரங்கள். ஒரே ஒரு கம்பிக்கு! அதன்பின் உலகக் கடல்களில் எத்தனை கம்பிகள் போனது என்பதை நினைத்துப் பாருங்கள்.

'மரங்கள்' என்று நான் சொல்வது வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்களை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கும் தாத்தா பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்கும் இந்த இடத்தில் சந்தேகம் வரும். பால்மரம் வெட்டுவது என்றால் பட்டையில் உளியால் மெல்லிய கீற்று எடுத்து, மங்கில் பால் வடியவிட்டு, மறுநாளும் அதே மரத்துக்குப் போவதுதானே? ரப்பரில் அப்படி. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால்குழாய்கள் வலைபோல் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஓரிடத்தில் கீறினால் சுற்றியுள்ள பாலும் ஓடி வரும். தாபான் மரத்தில் பால் தனித்தனிச் சிறு பைகளில் அடைபட்டிருக்கிறது. கீறினால் அந்த இடத்துப் பால் மட்டும் கசிந்து சட்டென்று உறைந்துவிடும். எனவே மரத்தையே சாய்த்து, அடிமரம் முழுவதும் வளையம் வளையமாகப் பட்டையை வெட்டி எடுத்தார்கள். அப்படியும் பெரும்பகுதிப் பால் உள்ளேயே தங்கிவிடும். முழு வளர்ச்சிக்குப் பல ஆண்டுகள் எடுக்கும் மரம் அது. 1850களிலேயே சிங்கப்பூர்த் தீவில் அது அரிதாகிவிட்டது. வெட்டும் அலை தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது.

சிப்பெத்திர் தோட்டம் பிற்பாடு வந்தது. மரத்தை வெட்டாமல், இலைகளைப் பறித்து அரைத்துப் பாலெடுக்கும் முறையை டச்சுக்காரர்கள் அங்கே வளர்த்தெடுத்தார்கள். முடியாத வேலை என்று எதுவும் இருக்கவில்லை. காடு தீர்ந்துபோகும்வரை யாருக்கும் அவசரம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ரப்பர் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் வரலாறே வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பாலெடுக்கும் முறையைப் பூமலையின் இயக்குநர் ரிட்லி செம்மைப்படுத்தினார். தினமும் பால் தரும் மரம் என்றால் தினமும் விடியலில் போய் வெட்டுவதற்கு ஆள் வேண்டும். மரத்தின் பக்கத்திலேயே அவர்கள் குடியிருக்க வேண்டும். கார் டயருக்காக உலகம் ரப்பர் கேட்டபோது லயங்கள் எழுந்தன, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தாபான் காடு அப்படி யாரையும் குடியமர்த்தவில்லை. வெட்டி எடுத்துக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போகும் தொழில் அது. பட்டைக்குள் பால்குழாய் இணைந்திருக்கிறதா இல்லையா என்ற தாவரவியல் விவரம், நாம் இங்கே இருப்பதற்கான காரணங்களில் ஒன்று. இதை எந்தப் பாடவேளையில் சொல்லித்தருவது? உயிரியல் ஆசிரியர் வரலாறு என்பார், வரலாற்று ஆசிரியர் உயிரியல் என்பார். இடையில் விழுந்து காணாமல் போகிறது.

கெத்தா பெர்ச்சாவுக்கு மாற்று 1933இல் இங்கிலாந்து ஆய்வகம் ஒன்றில் தற்செயலாகக் கிடைத்தது. பாலித்தீன்! 1956இல் அட்லாண்டிக்கில் போட்ட முதல் தொலைபேசிக் கம்பிக்கு அதைத்தான் போர்த்தினார்கள். இன்று கண்டங்களுக்கிடையே செல்லும் இணையத் தரவில் மிகப் பெரும்பகுதி, கடலடி ஒளியிழைக் கம்பிகளில்தான் ஓடுகிறது. அவற்றின் உறையிலும் பாலித்தீன் உண்டு. கெத்தா பெர்ச்சா முற்றாக ஒழிந்துவிடவும் இல்லை. பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சை செய்து, சுத்தம் செய்த வேர்க்குழியை அடைக்கும் மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சிகள் இன்றும் அதே பொருளால் ஆனவை, அது மரத்திலிருந்து வந்ததோ ஆய்வகத்தில் செய்யப்பட்டதோ. சூடாக்கினால் இளகி இடுக்கெல்லாம் நிரப்பும், ஆறினால் இறுகும். பாராங்காரர் சொன்ன அதே குணம். பல் மருத்துவம் படிக்கும் நம் மாணவர்கள் அந்தக் குச்சியின் பெயரைத் தினமும் உச்சரிக்கிறார்கள். அது மலாய்ச் சொல் என்பதை அறிந்தவர் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

முடிந்துபோன கதையை எதற்குத் தோண்ட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கைத்தொலைபேசியைத் திருப்பிப் பாருங்கள். அதன் மின்கலத்துக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பகுதி கொங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அரிய மண் தனிமங்கள் நம் குவாந்தான் அருகே கெபெங்கில் பதப்படுத்தப்படுகின்றன. அதன் கழிவு குறித்து இந்நாட்டில் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 1860களில் லண்டனில் தந்தி அனுப்பிய வணிகருக்குத் தாபான் மரம் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் அவருக்கு இருக்கவில்லை. நாம் அன்று காட்டின் பக்கம் இருந்தோம். இன்று பல விஷயங்களில் தந்தி அனுப்புபவர் பக்கம் இருக்கிறோம். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. நம் இளையோர் அந்தச் சிலரில் சேர முடியும்.

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இடுபணிக்கு 'வியப்பூட்டும் பத்துத் தகவல்கள்' போன்ற தலைப்பைக் கொடுக்காதீர்கள். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டப் பத்து நிமிடம் போதும். ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள். ஒட்டுப்பால், பெலாச்சான், பினாங்கு ஜாதிக்காய், ஈயம், கித்துல் கருப்பட்டி என்று எதுவானாலும் சரி. எதனால் ஆனது, ஏன் அப்படி நடந்துகொள்கிறது, முதலில் அறிந்தவர்கள் யார், விலை கொடுத்தவர்கள் யார் என்று நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, மலாய் நண்பர்களின் தாத்தாக்களிடம் 'தாபான்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பாட்டியிடம் மங்கையும் உளியையும் பற்றிக் கேளுங்கள். பட்டைக்குள் எந்த ஆழம்வரை வெட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். எழுதி முடித்ததும், இது வேதியியலா வரலாறா என்று ஆசிரியர் கேட்டால், இரண்டு பாடத்துக்கும் மதிப்பெண் கேளுங்கள்.